சளி மஞ்சளாகிவிட்டதா? மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நாள் முழுவதும் இதே பேச்சுதான்: "டாக்டர், எனக்கு சைனஸ் இருக்கு. மெடிக்கல்ல கேட்டு மாத்திரை போட்டேன், கேக்கல." சமீபத்தில் வந்த ஒரு அம்மா பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாமே அசித்ரோமைசின், பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு ஆன்டிபயாடிக். அவருக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி. வாயைத் திறக்கச் சொன்னால், அதே பக்கம் மேல் கடைவாய்ப்பல் சொத்தை. பல்லின் வேரிலிருந்து சீழ் கன்னத்து சைனஸுக்குள், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குள், இறங்கியிருந்தது. பல்லைக் கவனிக்காமல் இன்னும் பத்து அட்டை விழுங்கியிருந்தாலும் அது நின்றிருக்காது.

இந்த மாத்திரை ஓட்டத்துக்கெல்லாம் காரணம் ஒரு தவறான நம்பிக்கை: சளி வெள்ளையாக இருந்தால் சாதாரணம், மஞ்சளோ பச்சையோ ஆகிவிட்டால் ஆன்டிபயாடிக் கட்டாயம். அப்படியில்லை. கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளையணுக்களில் இயல்பாகவே பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அவை நிறையச் சேர்ந்தால் சளியும் நிறம் மாறும். வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் இது நடக்கும்; அப்புறம் தானாகத் தெளியும். வைரஸ் சளி பிடித்த நூறு பேரில் பாக்டீரியா தொற்று வரை போவது அதிகபட்சம் இரண்டு பேர்தான். காலையில் சிந்தும்போது மஞ்சளாக வருவது இரவெல்லாம் தேங்கிக் கெட்டியான சளி. அதைக் கைக்குட்டையில் பார்த்துவிட்டு, தயவுசெய்து நீங்களே மருந்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

நிறத்தை விடுங்கள், நாளைக் கணக்கிடுங்கள். பத்து நாளாகியும் கொஞ்சம்கூடக் குறையவில்லையா? நான்கைந்து நாளில் தேறி, மறுபடி காய்ச்சலும் கன்ன வலியுமாகத் திரும்பிவிட்டதா? தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சல், சீழ் போன்ற சளி, முகவலி எல்லாம் சேர்ந்து மூன்று நாளுக்கு மேல் நீடிக்கிறதா? அப்போது பாக்டீரியாவைச் சந்தேகிப்போம். அதற்கும் பெரும்பாலும் நாங்கள் முதலில் எழுதுவது அமாக்ஸிசிலின் வகைதான். இந்தத் தொற்றுக்கு அசித்ரோமைசினைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், முக்கியமான கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. எக்ஸ்ரேயும் வேண்டாம், சாதாரண ஜலதோஷத்திலேயே சைனஸ் மங்கலாகத் தெரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வீட்டில் செய்யக்கூடியதில் நல்லது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டும்; குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடவே கூடாது. அரிதுதான், ஆனால் அதிலிருக்கும் ஒருவகை அமீபா மூளைக்கு ஏறினால் காப்பாற்றுவது கடினம். ஆவி பிடித்தால் பெரியவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். கவிழ்ந்து வெந்த தொடைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். போட்டவுடன் திறக்கும், தொடர்ந்து போட்டால் முன்பைவிட மோசமாக அடைக்கும், பிறகு அந்தப் பாட்டில் தலையணைக்கடியில் இல்லாமல் தூக்கமே வராது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. மருத்துவர் சொன்னால் பயப்படாமல் பயன்படுத்துங்கள்.

சளியே இல்லை, தலைவலி மட்டும் அடிக்கடி வருகிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, குமட்டுகிறது என்றால் அது அநேகமாக ஒற்றைத் தலைவலி. வருடக்கணக்கில் சைனஸ் என்று நம்பி நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அதற்குத் தனி மருந்து இருக்கிறது, வந்து கேளுங்கள்.

பன்னிரண்டு வாரம் தாண்டியும் அடைப்பும் சளியும் போகவில்லை, வாசனையும் தெரியவில்லை என்றால் மூக்கினுள் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை, செய்து பார்க்க வேண்டும். சதை வளர்ந்திருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், இரண்டிரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, பொறுக்க முடியாத தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனம். மூக்கு, சைனஸ் வழியாகக் கண்ணுக்குப் பரவும் கறுப்புப் பூஞ்சைத் தொற்று 2021-இல் எத்தனை கண்களைப் பறித்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். சர்க்கரை ஏறியிருக்கும்போது கன்னம் மரத்துப்போனாலோ, மூக்கிலிருந்து கறுப்பாக ஏதாவது வந்தாலோ அன்றே வந்துவிடுங்கள்.