விசுவாசப் பிரமாணம்: எடுப்பதா, சொல்வதா?

“விசுவாசப் பிரமாணம் எடுக்காத ஆளுக்கு இரட்சிப்பு எப்படிக் கிடைக்கும்?” கிளிநொச்சிப் பக்கம் ஒரு கலியாணப் பேச்சில் பெண் வீட்டார் கேட்ட கேள்வி இது. கிறிஸ்தவ விசுவாசத்தைச் சுருக்கி ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் அறிக்கைதான் விசுவாசப் பிரமாணம். மாப்பிள்ளை சபைக்காரர், அதாவது பைபிள் மட்டும் போதும் என்கிற சபையொன்றைச் சேர்ந்தவர். அவர்களுடைய ஞாயிறு ஆராதனையில் அப்படியொன்றைச் சொல்லும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனும் விடவில்லை: “பைபிளில் இல்லாத பிரமாணத்தை நாங்கள் ஏன் எடுக்க வேணும்?” மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கே போனாலும் இந்த வழக்கு இதே சொற்களோடுதான் வருகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரண்டு பக்கமும் ‘எடுக்கிறது’ என்றே சொல்கிறார்கள். செபத்தை யாராவது எடுப்பார்களா? இந்த வினையைக் கூட்டிக்கொண்டு வந்தது ‘பிரமாணம்’ என்ற சொல்.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் கிரீட் என்பது லத்தீனின் ‘கிரெதோ’. ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று பொருள். அறிக்கையின் முதற்சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. ‘சிம்பொலொன்’ என்ற கிரேக்கச் சொல்லாலும் அதைக் குறித்தார்கள். இரண்டாக உடைத்து ஆளுக்கொரு துண்டு வைத்திருந்து, பின்னர் பொருத்திப் பார்த்து ஆளை அறிகிற அடையாளம் அது. அறிக்கை, ஞானஸ்நானத் தொட்டியருகே கேட்கப்பட்ட கேள்விகளிலும் பதில்களிலும் இருந்து வளர்ந்தது. அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்ற பழங்கதையை 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா மறுத்துவிட்டார். ஆயர்கள் கூடி ஓர் அறிக்கையை வகுத்த நிசேயாச் சங்கம் 325இல். இன்று நாம் சொல்லும் நீண்ட வடிவம் 381இன் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. இவ்வளவு போதும்.

இனிப் பிரமாணத்துக்கு வருவோம். வன்னியில் ஒரு சாதாரண மனிதர் இந்தச் சொல்லை எங்கே கேட்கிறார்? அமைச்சர் பதவிப் பிரமாணம் எடுத்தார் என்று செய்தியில் கேட்கிறார். அரச செயலகமான கச்சேரியில் வேலை செய்தவருக்கு, அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணம் தெரியும். அதை மீறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பதும் தெரியும். வயது கூடியவர்களுக்கு அரசியலமைப்புக்கு 1983இல் வந்த ஆறாவது திருத்தச் சட்டம் மறந்திருக்காது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அரச ஊழியரெல்லாம் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் தொலைத்த சனம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு திரிந்ததும் இதே மண்ணில்தான். பிரமாணம் செய்தால் இருப்பது மிஞ்சும், செய்யாவிட்டால் பறிபோகும் என்பது எங்களுக்குப் பட்டறிந்த பாடம். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் விசுவாசத்தோடு ஒட்டினால், கேட்பவர் மனத்தில் மோட்ச வாசலில் ஒரு கந்தோர் எழும்பிவிடும். பிழை கேட்பவருடையதா?

வேதாகமத் தமிழில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிரமாணம் என்றால் சட்டம். மோசேயின் சட்டம் நியாயப்பிரமாணம். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் எந்த மனிதனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் முழுக்க வாதாடுகிறார். அந்த நிருபத்தைப் படித்து முடித்துவிட்டு, “இனி விசுவாசப் பிரமாணம் சொல்வோம்” என்று சபையை எழுப்பிவிடுகிறோம். ஒரு பிரமாணத்திலிருந்து விடுதலை, அடுத்த நிமிடமே இன்னொன்று!

இதைவிடச் சுவையான குழப்பம் ரோமர் 3:27இல் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் இப்படிப் போகும்: “எந்தப் பிரமாணத்தினாலே? கிரியாபிரமாணத்தினாலேயா? அல்ல, விசுவாசப்பிரமாணத்தினாலே.” பார்த்தீர்களா, விசுவாசப்பிரமாணம் பைபிளிலேயே இருக்கிறது என்று இந்த வசனத்தைத் தூக்கிப் பிடித்து வாதாடுபவர்களை நான் கேட்டிருக்கிறேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘நொமொஸ்’, அதாவது சட்டம் அல்லது நியதி. கிரியைகளின் நியதியா, விசுவாசத்தின் நியதியா என்றுதான் பவுல் கேட்கிறார். அவர் அதை எழுதியபோது நிசேயாச் சங்கத்துக்கு இன்னும் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருந்தது. இப்படியொரு வாதம் தமிழில் மாத்திரம்தான் பிறக்க முடியும். ஆங்கில பைபிளைப் படிப்பவருக்கு இது கனவிலும் தோன்றாது.

இதெல்லாம் வழக்குப் பிழை, சொல்லின் வேரைப் பாருங்கள் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். சரி, பார்ப்போம். பிரமாணத்தின் வேர் அளத்தல். சைவர் அதை அளவை என்பர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையில்தான் தொடங்குகிறது. காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நூல்வாக்கு) முதலானவை அங்கே சொல்லப்படுகின்றன. ஒன்றை உண்மையென்று நிறுவும் கருவிக்குப் பெயர் பிரமாணம். நிறுவப்படும் பொருள் பிரமேயம். அந்தக் கணக்கில் கிறிஸ்தவனுக்குப் பிரமாணம் எது? வேதம். அறிக்கை அந்த அளவுகோலால் அளந்து பார்த்து ஏற்கப்பட்டது. அங்கிலிக்கன் திருச்சபையின் 39 பிரிவுகளும் (1571) இதையே சொல்கின்றன. இரட்சிப்புக்கு வேண்டியதெல்லாம் பரிசுத்த வேதத்தில் உண்டு, அதில் வாசிக்கப்படாததையும் அதனால் நிரூபிக்க முடியாததையும் விசுவாசிக்கும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது ஆறாம் பிரிவு. நிசேயா, அத்தனாசியு, அப்போஸ்தலர் என்னும் பெயர்களில் வழங்கும் மூன்று அறிக்கைகளையும் ஏற்க வேண்டும், ஏனெனில் அவற்றை வேதத்தால் நிரூபிக்கலாம் என்பது எட்டாம் பிரிவு. ‘ஏனெனில்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு நியாயமும் தங்கியிருக்கிறது. அறிக்கையைப் பிரமாணம் என்று அழைப்பவர் அளக்கப்பட்ட பொருளுக்கு அளவுகோலின் பெயரை வைக்கிறார். வழக்கை விட்டு வேரைப் பிடித்தாலும் இந்தச் சொல் தேறாது.

கத்தோலிக்கர் வேதத்தோடு திருச்சபையின் மரபையும் சேர்த்தே பார்ப்பவர்கள். அவர்களுடைய கணக்கு சற்று வேறு. ஆனால் அவர்களுக்கும் அறிக்கை என்பது பெற்றுக்கொண்ட விசுவாசத்தின் சுருக்கம்தான்.

அறிக்கையை மறுத்தால் இரட்சிப்பே போய்விடும் என்று திருச்சபை சொன்னதே இல்லையா? சொன்னது. நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியுவின் பெயரில் வழங்கும் அறிக்கை, இரட்சிப்படைய விரும்புகிறவன் எல்லாவற்றுக்கும் முன் பொதுவிசுவாசத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி, கைக்கொள்ளாதவன் அழிவான் என்று மிரட்டவும் செய்கிறது. அதை எழுதியவர் அத்தனாசியு அல்லர். அவர் 373இல் இறந்தார். இது பின்னாளில் மேற்கில் லத்தீனில் எழுந்தது. பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் “இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்” என்று கேட்டபோது பவுல் திரித்துவ இலக்கணம் ஒப்புவிக்கச் சொல்லவில்லை. “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி” என்றார். அன்றிரவே ஞானஸ்நானம் நடந்தது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை.

அதற்காகச் சபைக்காரர் சொல்வதெல்லாம் சரியென்று ஆகாது. பைபிள் மட்டும் போதும் என்பவர்களின் மண்டபச் சுவரிலும் ‘நாங்கள் விசுவாசிப்பவை’ என்று ஒரு பட்டியல் தொங்கும். ஞானஸ்நானத்துக்கு முன் அதை ஒத்துக்கொள்ளவும் வேண்டும். இது கிரீட் இல்லாமல் வேறென்ன? குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியுவும் வசனம் காட்டித்தான் வாதாடினார். ஒரே வசனத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்தபோது, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையர் என்று வேதத்தில் இல்லாத ஒரு சொல்லைப் போட்டு வேதத்தின் பொருளைக் காக்கவேண்டி வந்தது. அந்தச் சொல் வேலிக்கு நட்ட கதியால். வளவு அதுவல்ல, ஆனால் பிடுங்கி எறிந்தால் மாடு உள்ளே வரும்.

சரி, பிரமாணத்துக்குப் பதில் என்ன? இப்போது தனித்தமிழ் ஆர்வலர்கள் ‘நம்பிக்கை அறிக்கை’ என்கிறார்கள். தமிழகத்துக் கத்தோலிக்கரிடமிருந்து வந்த வழக்கு. சொல் நல்ல தமிழ், எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே ஆகாது. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த காதுக்கு 1 கொரிந்தியர் 13:13 ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. அங்கே நம்பிக்கை இரண்டாவது; இனி வரப்போவதை எதிர்பார்ப்பது. 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே வரிசை ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்தும் செத்தவீட்டு ஆராதனையில் நம்பிக்கை அறிக்கை என்றால், பாதிப்பேருக்கு அது உயிர்த்தெழுதலைக் காத்திருப்பது பற்றிய செபமாகத்தான் கேட்கும். நம்பிக்கையில்லாப் பிரேரணை நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு, அவர்களை விடுவோம். வடசொல்லை விரட்டுகிற அவசரத்தில், இரண்டு பொருளுக்கு இருந்த இரண்டு சொல்லை ஒன்றாக்கிவிட்டு, போன இடத்தை நிரப்ப ‘எதிர்நோக்கு’ என்று ஒன்றைச் செய்யவேண்டி வந்ததே, இதற்குப் பெயர் தூய்மையா?

‘கோட்பாடு’ என்பாரும் உண்டு. அது வகுப்பறைச் சொல். கோட்பாட்டை விளக்கலாம், எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல முடியாது.

என் வாக்கு ‘விசுவாச அறிக்கை’க்குத்தான். அறிக்கை என்றால் ஐ.நா. அறிக்கையும் ஆணைக்குழு அறிக்கையும் நினைவுக்கு வருமே என்கிறார்கள். வரும்; அறிக்கைகளைப் பார்த்து அலுத்த சனம் நாங்கள். ஆனால் ‘அறிக்கையிடு’ என்ற வினை வேதத் தமிழில் வேர்விட்டது. ரோமர் 10:9 “கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு” என்கிறது. பாவத்தையும் அறிக்கையிடுகிறோம், விசுவாசத்தையும் அறிக்கையிடுகிறோம். கிரேக்கத்திலும் லத்தீனிலும் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான் நடந்தது. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் பிரமாணத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று விளங்கவில்லை. வழிபாட்டுப் புத்தகத்தைப் புதுக்கும்போதெல்லாம் உள்ளே ‘சர்வவல்ல’வை ‘எல்லாம் வல்ல’ ஆக்குவார்கள், ‘பரலோக’த்தை ‘விண்ணக’மாக்குவார்கள், தலைப்பை மட்டும் தொடமாட்டார்கள்.

மடு மாதா கோயிலில் செபமாலை தொடங்கும்போது வயதான அம்மாக்கள் சிலர் இன்னும் ‘விசுவாச மந்திரம்’ என்பார்கள். மந்திரம் என்றதும் மூக்கைச் சுளிக்கிற படித்த சுவாமிமாரும் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். அந்த அம்மாக்கள் ஒருவரும் அதை எடுப்பதில்லை, சொல்கிறார்கள்.