பேறு ஊரில்தானே என்று இருந்துவிடாதீர்கள்

போன கிழமையும் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை வந்தாள். கட்டாரில் கணவனோடு இருந்தவள், தலைப்பிள்ளை, அவள் கணக்குப்படி 34 வாரம். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து, மறுநாள் காலை தாயோடு கிளினிக்கில் நின்றாள். செருப்புக்குள் கால் அடங்கவில்லை, அவ்வளவு வீக்கம். பிரஷர் 150/100. "அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "எல்லாம் நோர்மல்தான் மிஸ்." காகிதம் கேட்டதற்கு, விமானத்தில் ஏறுவதற்காக எடுத்த கடிதத்தை நீட்டினாள். பயணம் செய்யலாம் என்று இரண்டு வரி, அவ்வளவுதான். பிறகு போனைத் திறந்து ஸ்கேன் படம் காட்டினாள். பிள்ளையின் மூக்கும் வாயும் அழகாகத் தெரிகின்றன. திகதி, வாரக் கணக்கு, நிறை எல்லாம் அச்சாகியிருந்த ஓரத்தை ஸ்டேட்டஸ் போடுவதற்காக வெட்டிவிட்டிருந்தாள். எங்களுக்கு வேண்டியது அந்த ஓரம்தான்.

அன்றைக்கே வாட்டில் சேர்த்தோம். இப்போது பிரஷர் அடங்கியிருக்கிறது. ஆனால் இப்படி வருகிறவள் இவள் முதலாவது இல்லை. டுபாய், சவூதி, லண்டன், பிரான்ஸ் என்று நாடு மட்டும் மாறுகிறது, கதை ஒன்றுதான். மட்டக்களப்பில் எழுவான்கரைப் பக்கம் குடும்ப நல உத்தியோகத்தராக இருக்கிறேன், ஊரில் மிட்வைப் மிஸ் என்பார்கள். கிளினிக் நாளில் நின்று பேச நேரமில்லாததால் எழுதுகிறேன்.

இவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு வசனம் இருக்கிறது: "பேறு ஊரிலதானே மிஸ், அங்க எதுக்குப் பதிவு?"

தாய் வீட்டில் வந்து பெறுவதற்கு நான் எதிரி இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். தாயின் கை பட்ட சரக்கும் பத்தியமும் கிடைக்கிற இடத்தில் பெறவேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் பிழையே இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. கர்ப்பப் பராமரிப்பு என்றால் பேறு பார்ப்பது என்று நினைக்கிறார்கள். பேறு ஒரு நாள் காரியம். அந்த நாள் நல்லபடியாக முடியுமா என்பதைத் தீர்மானிக்கிற வேலை முழுவதும் அதற்கு முந்திய மாதங்களில் நடக்கிறது. ஏழாம் மாதம் வந்து இறங்குகிறவளுக்கு அதில் முக்கால்வாசியை நாங்கள் திருப்பிச் செய்து கொடுக்க முடியாது.

எப்படி முடியாது என்று சொல்கிறேன். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகிற குழாய், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடும். பலருக்கு மாதம் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியவரும். போலிக் அசிட் குளிசையைக் கரு தரிக்க முன்பே தொடங்கச் சொல்வது அதற்காகத்தான். ஏழாம் மாதத்தில் விழுங்கினால் அந்தக் குழாய்க்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்தது திகதி. 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் பிள்ளையின் வயதைச் சில நாள் வித்தியாசத்தில் சொல்லலாம். கடைசி மூன்று மாதத்தில் முதல் ஸ்கேன் எடுத்தால் மூன்று வாரம்வரை பிழைக்கும். பிள்ளை வளராமல் சின்னதாக இருக்கிறதா, அல்லது மாதமே அவ்வளவுதானா என்று தெரியாமல் நிற்போம். பிள்ளையை இப்போது எடுப்பதா, பொறுப்பதா என்று ஒரு டொக்டர் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அந்த மூன்று வாரம் சின்ன விஷயமா?

பிரஷரும் அப்படித்தான். 20 வாரத்துக்கு முன்பே ஏறியிருந்தால் அது பெரும்பாலும் பழைய பிரஷர். அதற்குப் பிறகு ஏறினால் கர்ப்பத்தால் வந்தது. இரண்டுக்கும் பார்க்கிற பார்வை வேறு. முதல் மாதங்களில் எடுத்த ஒரு அளவு எழுத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மேலே சொன்ன பிள்ளைக்கு அது இல்லை. சீனியைப் பாருங்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கிற சோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யவேண்டியது. எங்கள் ஆட்களுக்குக் கர்ப்பத்தில் சீனி ஏறுவது கூட. அந்த வாரங்களில் இவள் அங்கே பிளாட்டுக்குள் இருந்திருக்கிறாள், "ஊருக்குப் போய்ப் பார்ப்பம்" என்று.

இரத்தச் சோதனையையும் சொல்லவேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமல் செய்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. கர்ப்பிணியைத் தொடக்கத்திலேயே பதிந்து இரத்தம் எடுத்ததால் வந்த பலன் அது. எட்டு வாரத்துக்குள் பதியவேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகத் திரிவது பொழுதுபோக்குக்கு இல்லை. மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொன்னால் கண்ணூறு படும் என்கிறீர்களா, சரி, ஊருக்குச் சொல்லாதீர்கள். மிட்வைபுக்கும் டொக்டருக்கும் சொல்லுங்கள். எங்கள் வாயிலிருந்து வெளியே போகாது.

லண்டன் பிள்ளைகளின் தாய்மார் வேறு ஒரு முறைப்பாடு சொல்வார்கள். "மனே, அங்க டொக்டர் கண்ணாலயும் பாக்கிறதில்லையாம், ரெண்டு ஸ்கேனாம், எல்லாம் மிட்வைபாம்." அது குறை இல்லை. அந்த நாட்டு முறை அது. தலைப்பிள்ளைக்கு 10 தடவையும், அடுத்த பிள்ளைகளுக்கு 7 தடவையும் பார்ப்பார்கள். 12 வாரமளவில் ஒரு ஸ்கேன், 20 வாரமளவில் ஒன்று. சிக்கல் தெரிந்தால் மட்டும் டொக்டரிடம் போகும், ஸ்கேனும் கூடும். பத்து வாரத்துக்குள் முதல் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஸ்கேன் போதாது என்று பயந்து இடையில் ஊருக்கு ஓடிவந்து பிரைவேட்டில் நாலு ஸ்கேன் எடுத்துப் போவதால் பிள்ளைக்கு ஒன்றும் கூடுவதில்லை.

காசுக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்களும் உண்டு. பிரித்தானியாவில் விசா எடுக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டி, படிக்கவோ வேலைக்கோ போனவர்களுக்கும், அந்த விசாவில் கூடப் போன மனைவிக்கும் பேற்றுக்குத் தனியாகப் பணம் இல்லை. விசிட் விசாவில் இருப்பவர்களுக்கு பில் வரும், வழமையான செலவின் நூற்றுக்கு 150 வீதக் கணக்கில் வரும். ஆனால் காசு கட்டவில்லை என்பதற்காகக் கர்ப்பப் பராமரிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது அங்குள்ள விதி. பிரான்சில் 14 வாரத்துக்குள் கர்ப்பத்தை அறிவிக்கவேண்டும், ஏழு பரிசோதனைகள் கட்டாயம், பி.எம்.ஐ. என்கிற தாய் சேய் நல நிலையங்களில் இலவசமாகப் பார்ப்பார்கள். சுவிசில் 13 ஆவது வாரத்திலிருந்து காப்புறுதியில் உங்கள் பங்கு என்று எதுவும் கட்டத் தேவையில்லை. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கணவரையோ பத்து வயது மகனையோ நடுவில் நிறுத்தி இரத்தப்போக்கைப் பற்றிப் பேசாதீர்கள், பாதி விஷயம் வெட்கத்தில் விழுங்கப்பட்டுவிடும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு முதல் வார்த்தை திருமணச் சான்றிதழ். வைத்தியசாலையிலும் பிறப்புப் பதிவிலும் கேட்பார்கள். "நிக்காஹ் முடிஞ்சுதானே, பதிவை அப்புறம் பாப்பம்" என்று போய்விட்டு, எட்டாம் மாதத்தில் வாப்பாவைப் பதிவாளரிடம் ஓடவைக்காதீர்கள். போக முன்பே மொழிபெயர்த்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, கையில் கொண்டுபோங்கள். கணவரின் காப்புறுதியில் பேறு அடங்குமா, எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பதையும் கர்ப்பம் தரிக்க முன்பே கேட்கவேண்டும்.

இனி, இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்கு வருகிற வொய்ஸ் மெசேஜ்கள். "மிஸ், காலையில இருந்து பிள்ளை அசையிற குறைவா இருக்கு, என்ன செய்ற?" பிள்ளை, நான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறேன். உன் வயிற்றில் கை வைக்க என்னால் முடியாது. எனக்கு மெசேஜ் போட்டு நீல டிக் வருமா என்று பார்த்திருக்கிற நேரத்தில் அங்கே பக்கத்து வைத்தியசாலைக்குப் போய்விடலாம். அசைவு குறைந்தால், இரத்தம் பட்டால், நீர் உடைந்தால், விடாத தலையிடி வந்தால், கண் மங்கினால், மேல்வயிறு நொந்தால், அந்த நாட்டு வைத்தியசாலைக்கு அந்த நேரமே போகவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஊருக்கு அடித்துக் கேட்டு, அம்மா சொல்லி, மாமி சொல்லி, சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்து அப்புறம் போவது என்பது வேண்டவே வேண்டாம்.

வருவதென்று முடிவானால் நேரத்தோடு வாருங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான விமான சேவைகள் டொக்டர் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளையென்றால் 36 வாரத்துடன் ஏற்றமாட்டார்கள், இரட்டை என்றால் 32. பிரஷர் ஏறியிருந்தால், இரத்தம் பட்டிருந்தால் அங்குள்ள டொக்டரைக் கேட்காமல் ஏறவேண்டாம். கர்ப்பத்தில் காலில் இரத்தம் கட்டிபடுவது கூடுதலாக நடக்கும், அதற்கு மேல் பத்து மணித்தியாலம் அசையாமல் இருந்தால் இன்னும் ஆபத்து. எழும்பி நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ பயணக் களைப்பு என்று படுத்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டுநாயக்காவிலிருந்து அப்படியே இரவு பஸ் ஏறுவதையும் தவிருங்கள். ஒரு நாள் எங்காவது தங்கிப் படுத்து வரலாமே.

கையில் கொண்டுவர வேண்டியதைச் சொல்கிறேன். இரத்த வகை, எடுத்த எல்லா இரத்தச் சோதனையும், ஸ்கேன் அறிக்கை (படம் இல்லை, எழுத்து), போட்ட ஊசிகள், குடிக்கிற குளிசைகளின் பெட்டி. "அங்க கம்ப்யூட்டரில இருக்கு" என்றால், அந்தக் கம்ப்யூட்டரை மட்டக்களப்பிலிருந்து எங்களால் திறக்க முடியாது. அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. முந்திய பிள்ளை அங்கே சீசரில் பிறந்திருந்தால் வைத்தியசாலையில் எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்ட் கட்டாயம். வயிற்றின் மேல்தோலில் தழும்பு குறுக்காக இருக்கிறது என்று காட்டுவார்கள். உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்பதைத் தழும்பு சொல்லாது. நெடுக்காக வெட்டியிருந்தால் அடுத்த முறை நோவு எடுக்க விடுவது உயிராபத்து. அதேபோல இரத்தம் நெகட்டிவ் ஆன தாய், பிள்ளை பொசிட்டிவ் என்றால் பெற்று 72 மணித்தியாலத்துக்குள், அடுத்த பிள்ளையைத் தாயின் இரத்தம் தாக்காமல் காக்கிற அன்ரி-டி ஊசி போட்டிருக்கவேண்டும். "ஏதோ ஊசி போட்டாங்க மிஸ்" என்பதை வைத்து அடுத்த பிள்ளைக்கு நாங்கள் எதை நம்புவது?

ஊருக்கு வந்தவுடன் உங்கள் பிரிவு மிட்வைபுக்கு ஒரு கோல் எடுங்கள். எச் 512 என்கிற கர்ப்பிணிப் பதிவு அட்டை திறப்போம். அது உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கும், வாடகை வேனில் வைத்தியசாலைக்கு ஓடும்போதும் கூட வரும். கார்த்திகை, மார்கழி மழைக்கு வருகிறவர்கள் நுளம்பை மறக்கவேண்டாம். காய்ச்சல் என்றால் முதல் நாளே வைத்தியசாலை, மூன்றாம் நாள் இல்லை.

அங்கேயே பெறுகிறவர்களின் தாய்மாருக்கு ஒரு கெஞ்சல். வீடியோ கோலில் "பிள்ளை பால் குடிக்குதா, தலை நிக்குதா" என்று கேட்கிறீர்கள். "நீ சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா, அழுகை வருதா" என்றும் கேளுங்கள். நாலு சுவருக்குள் தனியே பிள்ளையோடு இருப்பவள் இரண்டு கிழமைக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால் அது நோய், மருந்தும் உண்டு, அங்கே வீட்டுக்கு வருகிற தாதியிடம் சொல்லவேண்டும். அப்புறம் பிள்ளையின் பதிவு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைப் பிரஜையாக ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதியவேண்டும். பிந்தினாலும் வழி உண்டு, அலைச்சல்தான் கூட.

கடைசியாக, வீட்டு வேலைக்குப் போய்க் கர்ப்பத்தோடு திரும்புகிற பெண்களுக்கு. கட்டாரிலும் சவூதியிலும் கல்யாணத்துக்கு வெளியே உறவு என்பது சட்டப்படி குற்றம், பலாத்காரம் நடந்தால்கூட வைத்தியசாலைக்குப் போகப் பயப்படுகிறார்கள். அங்கே இருந்தால் இலங்கைத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். இங்குள்ள குடும்பம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஊருக்கு வந்துவிட்டால் எங்களிடம் வாருங்கள். எங்கள் கிளினிக்கில் கல்யாணப் பதிவு கேட்டு யாரையும் பதிவதில்லை. அயலார் பார்ப்பார்கள் என்று கிளினிக் நாளில் வர முடியாவிட்டால் வேறு நாளில் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனைக்கு வந்து தனியாகப் பேசுங்கள், அட்டையும் இரத்தச் சோதனையும் அங்கேயே நடக்கும்.