செவ்வாய் தோஷம் ‘செவ்வாய்க் குற்றம்’ ஆகுமா?

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத் தகவல் மையத்தின் படிவத்தில் ‘செவ்வாய்க் குற்றம்: உண்டு / இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொருத்தம் பார்க்கும் செயலிகளிலும் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. வடசொல்லைத் தவிர்த்துவிட்டோம் என்று எழுதியவர் நிறைவடைந்திருப்பார். யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘குற்றம்: உண்டு’ என்று எழுத வைத்திருப்பதை அவர் யோசிக்கவில்லை.

கெடுதல், பழுதுபடுதல் என்ற பொருளுள்ள ‘துஷ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது தோஷம். தமிழில் தோடம் என்றும் எழுதுவார்கள், பேச்சில் தோசம். மார்த்தாண்டம் பக்கம் மலையாளச் சாயலில் “சொவ்வா தோஷம் உண்டு” என்பார்கள்.

சோதிடத்தில் இது ஓர் எண்ணிக்கைதான். லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசியிலிருந்து, 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம். அதாவது 12 இடங்களில் 5. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்களும் உண்டு. அப்படி எண்ணினால் தப்புகிறவர்கள் இன்னும் குறைவு. செவ்வாய் ஆட்சி பெறும் மேஷம், விருச்சிகம், உச்சம் பெறும் மகரம் ஆகியவற்றுக்கு விலக்குச் சொல்வதும் வழக்கம். இதில் எங்கேயும் யாரும் எதையும் செய்யவில்லை. பிறந்த நேரத்தில் ஒரு கோள் எங்கே நின்றது என்பது மட்டுமே கணக்கு.

குற்றம் பழைய தமிழ்ச் சொல் ஆயிற்றே, சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் மூன்றையும் முக்குற்றம் என்கிறோமே என்று கேட்பார்கள். சரிதான். குற்றமற்ற முத்து என்றும் சொல்லியிருக்கிறோம். ஆனால் முக்குற்றம் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள கலைச்சொல். கல்யாணப் படிவம் ஊர்ச்சபையில் வாசிக்கப்படுவது. குற்றவாளி, குற்றப்பத்திரிகை, குற்றப்பிரிவு என்று பழகிய காதில் அங்கே குற்றம் வேறு எப்படி விழும்? அகராதியில் பொருள் இருப்பது போதாது, கேட்பவர் மனதிலும் அந்தப் பொருள் எழ வேண்டும்.

நாக தோஷத்தில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகராஜா கோவிலில் பாலும் மஞ்சளும் கொண்டு நிற்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. ராகு ஐந்தில் நிற்கிறது என்று சோதிடர் சொல்லி வந்தவர் ஒருவர். பாம்புப் புற்றை இடித்துவிட்டோமே என்று மனம் உறுத்தி வந்தவர் இன்னொருவர். இரண்டாமவர் தான் செய்ததைக் குற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். முதலாமவர் என்ன செய்தார்? இருவருக்கும் ‘பாம்புக் குற்றம்’ என்று ஒரே சீட்டைக் கொடுக்கிறார்கள் இந்த மொழிபெயர்ப்பாளர்கள். சொல்லுக்குச் சொல் மாற்றுவதோடு வேலை முடிந்தது என்ற அவசரம்தான் எங்கும். ‘தோஷ நிவர்த்தி’ ‘குற்ற நீக்கம்’ ஆகிறது, ‘பரிகாரம்’ ‘கழுவாய்’ ஆகிறது. செய்த பாவத்துக்குத் தேடுவதல்லவா கழுவாய்?

குற்றம் என்ற சொல்லை நாம் எதற்கு வைத்திருக்கிறோம் என்பதை 190 ஆம் குறள் சொல்கிறது: “ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு.” தன் செயலைப் பிறர் செயலைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொல்லும் இடம் அது. வீட்டில் எந்நேரமும் கோபம், கை ஓங்கல். கேட்டால் “எனக்குச் சொவ்வா தோஷம், அதான்” என்று சொல்லிவிடுகிற ஆண்களை நம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அங்கே இருப்பதுதான் குற்றம். அந்தச் சொல்லையும் செவ்வாய்க்கே கொடுத்துவிட்டால், தன்னைப் பார்க்க வேண்டிய மனிதனுக்கு ஒரு சொல்லும் மிஞ்சாது. எதுவும் செய்யாத பெண்ணுக்குக் குற்றம், செய்தவனுக்குக் கோள்: இந்தத் தலைகீழைத்தான் படிவம் அச்சடித்துப் பரப்புகிறது.

‘குறை’ என்று மாற்றலாம் என்பாரும் உண்டு. ‘குறையுள்ள பெண்’ என்றுதான் அதுவும் போய் முடியும். ‘இருப்பு’ என்றால், பிறந்தபோது நடந்த கோள் திசையில் மீதியுள்ள காலமான திசை இருப்போடு குழம்பும். என் முடிவு ‘செவ்வாய் நிலை’. படிவத்தில் உண்டு, இல்லை என்ற கேள்வியே வேண்டாம்: ‘செவ்வாய் நிலை: லக்னத்திலிருந்து ___ ஆம் இடம்’ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரி போதும். அது முடியாது என்றால் தோஷம் என்றே எழுதட்டும்.