ஆத்மா: உயிரா, தானா?

இரங்கல் குறிப்பு எழுத உட்கார்ந்தால் "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று கை தன்பாட்டில் எழுதிவிடும். நெருங்கிய தோழனை ஆத்ம நண்பன் என்கிறோம். மனமொன்றிச் செய்த வேலையை ஆத்மார்த்தமாகச் செய்தார் என்கிறோம். பேய்ப்படங்களில் அலைகிற ஆத்மாக்கள் வேறு. இந்த இடங்களில் பெரும்பாலும் ஆத்மா என்பது உடம்புக்குள் குடியிருந்து, ஒருநாள் காலி செய்துகொண்டு போகிற ஏதோ ஒன்று.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆத்மாவும் பரம்பொருளும் இரண்டல்ல என்று சொல்லும் ஓர் அத்வைத நூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தட்டும். அங்கே ஆத்மா எங்கும் போவதில்லை, எங்கிருந்தும் வருவதில்லை. அதற்காக யாரும் சாந்தி வேண்டிக்கொள்ளத் தேவையும் இல்லை. போதாததற்கு, கடவுள் என்று நீ கும்பிடுவதும் அதைத்தான் என்று வேறு சொல்வார்கள். படிப்பவர் மிரண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார். இதில் பாதிப் பழி மொழிபெயர்ப்பைச் சேரும். ஆத்மா என்றால் உயிர் என்று நாம் சட்டென்று போட்டுவிடுகிறோம். அத்வைதம் அந்தச் சொல்லைக் கையாளும் விதத்துக்கு உயிர் பொருந்தாது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'தான்'.

சொல்லின் வேரிலிருந்து வருவோம். ஆத்மன் என்ற வடசொல்லின் பழம்பொருள்களில் ஒன்று மூச்சு. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் காற்றைப் போற்றும் ஒரு பாட்டு, காற்றைத் தேவர்களின் ஆத்மா என்கிறது. ஜெர்மன் மொழியில் மூச்சுக்கு இன்றும் 'ஆட்டம்' என்பதுபோல் ஒலிக்கும் சொல்தான். இரண்டும் ஒரே மூலத்தவை என்பது மொழியியலார் பலரின் கருத்து. வேதச்சொற்களுக்கு வேர் காட்டும் நிருக்தம் என்ற நூலை எழுதிய யாஸ்கர் வேறு வழியில் போகிறார். இடைவிடாது செல்லுதல் என்ற பொருளுடைய ஒரு வினையடியையும், எட்டிப் பரவுதல் என்ற பொருளுடைய இன்னொன்றையும் காட்டி, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார்.

மூச்சிலிருந்து சொல் உடம்புக்கு வந்தது. தைத்திரீய உபநிடதம் மனிதனை ஒரு பறவை வடிவில் வைத்துப் பேசும் இடம் ஒன்று உண்டு: இது தலை, இது வலச்சிறகு, இது இடச்சிறகு, இது ஆத்மா, இது வால். அங்கே ஆத்மா என்றால் நடு உடம்பு, அவ்வளவே. உபநிடதத்துக்குள்ளேயே இப்படி ஒரு சாதாரணப் பொருளில் அது வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிம்மதி. பெரிய சொற்களும் எளிய வேலை செய்து பிழைத்தவைதான்.

உடம்பிலிருந்து அடுத்த அடி 'தன்னை' என்பதற்கு. சமஸ்கிருதத்தில் ஒருவன் தன்னைக் காத்துக்கொண்டான், தன்னைப் புகழ்ந்துகொண்டான் என்று சொல்ல ஆத்மானம் என்ற வடிவமே போதும். தத்துவ வாடை எதுவும் அதில் இல்லை. இலக்கணக்காரர்கள் வினைச்சொற்களை இரண்டாகப் பிரித்து ஆத்மனேபதம், பரஸ்மைபதம் என்று பெயர் வைத்தார்கள். தனக்கான சொல், பிறருக்கான சொல் என்று பொருள். வேள்வியைப் பிறருக்காக நடத்தும் புரோகிதர் 'யஜதி'. அதே வேள்வியைத் தன் பலனுக்காகச் செய்விக்கும் எஜமானர் 'யஜதே'. இந்த ஆத்மனேபதத்தில் இருக்கிற ஆத்மாவை உயிர் என்று பெயர்த்துப் பாருங்கள், உளறலாக இருக்கும்.

தமிழில் இதைக் கண்டுகொண்டவர்கள் இருக்கிறார்கள், பெரிய தத்துவம் எதுவும் பேசாமலே. ஆத்மஹத்தி என்பதைத் தற்கொலை என்றோம். உயிர்க்கொலை என்று சொல்லியிருந்தால் அது புலால் மறுப்பு விவகாரமாகியிருக்கும். ஆத்மகதா தன்வரலாறு ஆயிற்று. ஆத்மநிர்பர் என்று அரசு சொன்னதைத் தற்சார்பு என்று எழுதினார்கள். மூன்றிலும் ஆத்மா நின்ற இடத்தில் 'தன்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆன்மிகம் என்று வந்ததும் மட்டும் நமக்குக் கை நடுங்கி, உயிரைத் தேடிப் போகிறோம்.

உயிர் என்ற சொல்லின் மேல் குறையில்லை. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், உயிர்ப்பு மூச்சு. ஆவியும் அப்படித்தான், மூச்சு, நீராவி, உயிர் என்று எல்லாவற்றுக்கும் ஆகி, இப்போது பாவம் பேய்க்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆக, ஆத்மாவும் உயிரும் மூச்சு என்ற ஒரே வாசலிலிருந்து கிளம்பியவை. ஆனால் ஆத்மா 'தான்' என்ற பக்கம் நடந்துபோனது. உயிர் வாழும் பொருள் என்ற பக்கம் நின்றது. அதனால்தான் உயிருக்கு எண்ணிக்கை உண்டு: ஓருயிர், ஈருயிர், மன்னுயிர் எல்லாம் என்கிறோம். உயிர் போகும், வரும், ஊசலாடும்.

சைவ சித்தாந்தத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கே பதி என்னும் இறைவன், பசு, பாசம் என்னும் தளை என்று மூன்று. ஆன்மா என்பது பசு, அதாவது உயிர். உயிர்கள் பல, இறைவன் அவற்றோடு கலந்து நிற்பவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அத்துவிதம் என்ற சொல்லை எடுத்து, அது ஒன்று என்று சொல்லவில்லை, வேறாக நிற்பதைத்தான் மறுக்கிறது என்று பொருள்காட்டியது இந்த நிலையிலிருந்து. ஆகவே சித்தாந்த நூலில் ஆன்மாவை உயிர் என்று எழுதுங்கள், தப்பே இல்லை. தமிழ் பைபிளின் ஆத்துமாவும் ஆளுக்கொன்றாக இருக்கிற உயிர்தான்.

சிக்கல் சங்கரர் வழியில், அதாவது அத்வைதத்தில் வருகிறது. அங்கே ஜீவன் வேறு சொல், ஆத்மா வேறு சொல். உடம்பு, மனம் ஆகியவற்றோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு, நான் இன்னார் என்று திரிகிறது ஜீவன். அந்தச் சேர்க்கையைக் கழித்தால் எது மிஞ்சுமோ அது ஆத்மா. ஜீவனுக்கு உயிர் என்று ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆத்மாவுக்கும் அதையே கொடுத்தால் அந்த வித்தியாசம் முழுக்க அழிந்துபோகும்.

சங்கரர் பிரம்ம சூத்திர உரையின் தொடக்கத்தில் ஒரு வாதம் வைக்கிறார். ஆத்மா உண்டு என்று ஒவ்வொருவரும் உணர்கிறார்கள், 'நான் இல்லை' என்று யாரும் உணர்வதில்லை என்கிறார். இதை உயிர் என்று வைத்துப் படித்தால் வாதம் விழுந்துவிடும். உயிர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். 'தான்' என்று வைத்துப் படித்தால் வாதம் நிமிர்ந்து நிற்கிறது. இல்லை என்று சொல்பவனும் தான் இருந்துகொண்டுதானே சொல்ல வேண்டும்?

சரி, கடவுள் இதில் எங்கே வருகிறார்? பிருகதாரண்யக உபநிடதத்தில், ஜனகரின் அவையில் உத்தாலகர் யாக்ஞவல்கியரிடம் அந்தர்யாமி யார் என்று கேட்கிறார். அந்தர் என்றால் உள்ளே, யாமி என்பது அடக்கி ஆள்பவன். உள்நின்று இயக்குபவன் என்று தமிழில் சொல்லலாம். யாக்ஞவல்கியர் நிலம், நீர், நெருப்பு என்று வரிசையாக எடுக்கிறார். எவன் நிலத்தில் இருக்கிறானோ, எவனை நிலம் அறியாதோ, எவனுக்கு நிலம் உடம்போ, எவன் உள்ளிருந்து நிலத்தை இயக்குகிறானோ, "அவனே உன் ஆத்மா, அந்தர்யாமி, சாவற்றவன்." ஒவ்வொரு பொருளுக்கும் இதே பல்லவி.

'உன் ஆத்மா' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் வேதாந்திகள் பிரிகிறார்கள். அத்வைதி அதை 'நீயாக இருக்கிற அந்தத் தான்' என்று படிக்கிறார். இயக்குபவனும் நீயும் இரண்டு பேர் இல்லை. ராமானுஜர் அதை உயிர் என்றே எடுத்துக்கொள்கிறார்: உடம்புக்கு உயிர் எப்படியோ, அப்படி உனக்கு அவன். நீ அவனுக்கு உடம்பு. "உடல்மிசை உயிரெனக் கரந்தெங்கும் பரந்துளன்" என்று நம்மாழ்வார் பாடியது அந்தப் பக்கம். இதில் ஒரு சுவையான பாடபேதமும் உண்டு. இந்த உபநிடதம் காண்வம், மாத்யந்தினம் என்று இரண்டு பாடங்களாக வந்திருக்கிறது. காண்வ பாடத்தில் 'விஞ்ஞானத்தில் இருப்பவன்' என்று வருகிற இடத்தில், மாத்யந்தின பாடத்தில் 'ஆத்மாவில் இருப்பவன்' என்று இருக்கிறது. ஆத்மாவுக்குள்ளேயே இன்னொருவன் இருக்கிறான் என்றால் அந்த ஆத்மா ஜீவன்தானே என்று ராமானுஜர் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது. சங்கரர் உரை எழுதியது காண்வ பாடத்துக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் பேசும்போது யாராவது ஒருவர் "கடவுள் என்றாலே கடந்தும் உள்ளும் இருப்பவர் என்றுதானே பொருள்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். செய்யுள் என்பதில் இருக்கும் 'உள்' வெறும் விகுதி. கடவுளில் இருப்பதும் அதுவே என்பது இலக்கண வழி. அத்வைதத்துக்கு அந்த முட்டுக்கொடுப்பு வேண்டாம்.

'தான்' என்பதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தமிழில் தான் என்றால் செருக்கும்தானே? 'தான் என்ற திமிர்' என்று சொல்கிறோம். "தன்னுயிர் தான்அறப் பெற்றானை" என்ற குறளுக்கு, தான் என்னும் பற்று நீங்கப் பெற்றவன் என்று உரை கண்டவர்களும் உண்டு. அங்கே தான் அற்றுப்போக வேண்டிய ஒன்று. ஆனால் இந்த வழுக்கல் சொல்லின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஒரே 'தான்' ஒருமுறை உடம்பைக் காட்டுகிறது, ஒருமுறை பெயரையும் பதவியையும், ஒருமுறை எதுவும் ஒட்டாத வெறும் இருப்பை. எதை வைத்துக்கொண்டு தான் என்கிறோம் என்று விசாரிப்பதுதான் அத்வைதப் பயிற்சியே. உயிர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த விசாரணையைத் தொடங்கவே முடியாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. "தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை" என்று தொடங்கும் திருமந்திரப் பாட்டு, "தன்னையே அர்ச்சிக்கத் தானிருந் தானே" என்று முடிகிறது. நான்கு அடியிலும் தன், தான் என்றே ஓடும், உயிர் என்ற சொல் எட்டிப் பார்க்காது. தன்னை அறிந்தபின் பூசிக்கப்படுவதும் தான். சைவத் திருமுறைக்குள் இருக்கும் பாட்டு என்பதால் இதற்குச் சித்தாந்த உரையும் சொல்வார்கள். ஆனால் சொற்கள் நிற்கிற இடத்தைப் பாருங்கள்.

இதைவிட உறுதியான சான்று ரமணரிடம் கிடைக்கிறது. 1927இல் அவர் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரைப் பிறகு அவரே சமஸ்கிருதத்திலும் செய்தார். எழுதியவரே பெயர்த்ததால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 26ஆம் பாட்டு தமிழில் இப்படி:

தானாய் இருத்தலே தன்னை அறிதலாம்
தான் இரண்டற்றதால் உந்தீபற
தன்மய நிட்டையீது உந்தீபற

சமஸ்கிருதத்தில் 'தானாய் இருத்தல்' ஆத்ம ஸம்ஸ்திதி ஆகிறது. 'தன்னை அறிதல்' ஸ்வாத்ம தர்சனம். 'தான் இரண்டற்றதால்' என்பது ஆத்ம நிர்த்வயாத். மூன்று இடத்திலும் தானுக்கு ஆத்மா. அத்வைதம் என்ற சொல்லுக்கு 'இரண்டற்றது' என்று நல்ல தமிழும் கூடவே கிடைத்துவிடுகிறது.

நடைமுறையில் எப்படி எழுதுவது? மாண்டூக்ய உபநிடதத்தின் 'அயம் ஆத்மா பிரம்ம' என்பதை 'இந்தத் தானே பரம்பொருள்' என்று எழுதினால் கொஞ்சம் முரடாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தனிச்சொல்லாக வரும் இடங்களில் ஆன்மா என்றே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும்போது தான் என்று பொருள் சொல்லிவிடலாம். தொடர்களில் தயங்க வேண்டாம்: ஆத்மஞானம் தன்னை அறிதல், ஆத்மவிசாரம் தன்னை நாடுதல். ஜீவனுக்கு உயிர், பிரம்மத்துக்குப் பரம்பொருள் என்று ஒதுக்கிவிட்டால் மற்றவை தாமாக இடம்பிடித்துக்கொள்ளும்.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் தனித்தமிழ் இல்லை, அந்தப் பாட்டின் கடைசி அடியில் வருகிற தன்மயம். வடமொழியில் அது தத் என்பதோடு மயம் சேர்ந்தது, அதுவே ஆனது என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது தன் மயம், தானே ஆனது. ரமணர் அதை வடமொழியில் ஆத்ம நிஷ்டதா என்று எழுதினார்.