மெல்பர்ன் கிறிஸ்துமஸும் ஒன்றேகால் மணி வெயிலும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கிறிஸ்துமஸ் விருந்தைப் பல குடும்பங்கள் கொல்லைப்புறத்தில்தான் வைத்துக்கொள்கின்றன. பார்பெக்யூவில் இறால் வேகும், பிள்ளைகள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஓடுவார்கள். எல்லாரும் தட்டோடு உட்கார மதியம் ஒன்றேகால் ஆகிவிடும். அன்றைக்குச் சூரியன் உச்சிக்கு வருவதும் அப்போதுதான். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால், உச்சி வேளை 12.20-க்கு இல்லாமல் 1.20 வாக்கில் வருகிறது.

சரி, அந்த உச்சி எவ்வளவு உயரம்? பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. டிசம்பர் 21, 22 வாக்கில் தென்பாதி சூரியனைப் பார்த்துச் சாய்ந்து நிற்க, மகர ரேகையில் இருப்பவர்களுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த ரேகை குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் பக்கமாகப் போகிறது. அதற்கும் தெற்கே இருக்கும் மெல்பர்னில் கிறிஸ்துமஸ் அன்று சூரியன் ஏறக்குறைய 75 டிகிரி ஏறிவிடும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரிதான்! ஜூனில் மெல்பர்னிலேயே 29 டிகிரியோடு சரி. டார்ச்சை நேராகப் பிடித்தால் சின்ன வட்டமாகப் பளிச்சென்று விழும் வெளிச்சம், சாய்த்தால் பரந்து மங்கிவிடும் அல்லவா? அதுபோலத்தான். ஜூன் உச்சிவேளையைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் டிசம்பரில் அதே அளவு தரையில் விழுகிறது. பகலும் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதினாலே முக்கால் மணி நேரமாக நீள்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி. இந்த வித்தியாசத்தால் ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்கு வரும் ஒளி கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதல். அப்படியானால் தெற்கின் கோடை வடக்கின் கோடையைவிடச் சுட்டெரிக்க வேண்டுமே? தென்பாதியில் ஐந்தில் நான்கு பங்கு கடல். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். கூடுதல் வெப்பத்தை அது வாங்கி வைத்துக்கொள்கிறது.

இந்தத் தாமதத்தால்தான் கிறிஸ்துமஸ் கோடையின் உச்சமாக இருப்பதில்லை. ஜனவரியும் பிப்ரவரியும்தான் அதிகம் கொதிக்கும். டிசம்பர் 25 எப்படி விடியும் என்பது காற்றைப் பொறுத்தது. வடக்கே பாலைவனப் பக்கமிருந்து காற்று வந்தால் அனல். தெற்குக் கடலிலிருந்து வந்தால் ஸ்வெட்டர். 2006 கிறிஸ்துமஸ் அன்று, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் மலைகளில் பனியே பெய்தது.

ஆனால் புற ஊதாக் கதிர் காற்றையும் கடலையும் பார்ப்பதில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்கு முதல் கணக்கு. கடல் விழுங்கிவிடும் அந்த 7 சதவீதத்தில் புற ஊதாவின் பங்கு நேராக நம் தோலுக்கு வந்து சேர்கிறது. தூசியும் புகையும் குறைந்த காற்று என்பதால் வழியில் தடுப்பதற்கும் அதிகம் இல்லை. இந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்தான் புற ஊதாக் குறியீடு (UV index). டிசம்பர் மதியத்தில் மெல்பர்னில் அது 11-ஐத் தொடும் நாட்கள் உண்டு. 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. 20 டிகிரி குளிரில், வெயிலே உறைக்காத நாளிலும் பிள்ளைகளின் கழுத்து சிவந்துபோவது இதனால்தான். எனக்கு இதுதான் பெரிய கவலை. சூட்டை உடம்பு உணர்ந்துகொள்ளும், புற ஊதாவை உணர அதற்கு வழியே இல்லை.

"நம்ம கறுப்புத் தோலுக்கு எதுக்குப்பா கிரீம்?" என்று கேட்கும் மாமாக்கள் அங்குள்ள தமிழ் வீடுகளிலும் இருப்பார்கள். மெலனின் ஓரளவு காப்பது உண்மைதான். ஆனால் முழுக்கக் காக்காது. கண்ணுக்கோ அந்தக் கவசமும் போதாது. நாள்பட்ட புற ஊதா கண்புரைக்கு ஒரு காரணம்.

அதனால் சாப்பாட்டு மேசையை மரத்தடிக்கு நகர்த்துங்கள். தொப்பியும் கிரீமும் வாசலிலேயே இருக்கட்டும். கொல்லைப்புற கிரிக்கெட்டை மாலை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தால் குறியீடு 3-க்குக் கீழே வந்திருக்கும். சூரியன் மறைய 8.40 ஆகும். அப்புறம் என்ன, இரண்டு அணியும் தாராளமாக ஆடி முடிக்கலாம்.