தூண்டிலின் கடைசி ஒன்பது அடி

ஃப்ளை ஃபிஷிங், அதாவது கொக்கியில் பூச்சி மாதிரி கட்டிய ‘ஃப்ளை’யை வீசி மீன் பிடிப்பதைக் கற்றுக்கொள்ள இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ராடு (தூண்டில் கோல்) வாங்கலாம் என்றுதான். கையில் இருப்பதே போதும் என்றால் நம்ப மாட்டார்கள். உங்கள் ராடின் விலை தீர்த்தனில் இருக்கிற பிரவுன் டிரவுட் மீனுக்குத் தெரியாது. அதன் கண்ணில் படுவது ஃப்ளையும், அதைத் தூண்டில் கயிற்றோடு இணைக்கிற ஒன்பதடி மெல்லிய நரம்பான லீடரும்தான். மீன் தப்புவதும் பெரும்பாலும் அந்த ஒன்பதடிக்குள்ளேதான்.

லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டுகிற மிக மெல்லிய பகுதிதான் டிப்பெட். 5எக்ஸ் அளவு டிப்பெட் என்பது வெறும் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பு. முடிச்சைக் காய்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே நைலான் பாதி செத்துவிடும். எச்சிலோ ஆற்றுத் தண்ணீரோ தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்கி, ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அறுந்தால் கரையிலேயே அறுந்து தொலையட்டும். கொஞ்ச நேரம் வீசியதும் டிப்பெட்டை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். வீச்சில் தானாக விழுந்த குட்டி முடிச்சு நெருடும். அதை அவிழ்த்துக்கொண்டிருக்காதீர்கள், வெட்டிவிட்டுப் புது நரம்பு கட்டுங்கள்.

கொக்கியும் அப்படித்தான். பின்வீச்சில் ஒரு பாறையில் பட்டால் போதும், நுனி மழுங்கிவிடும். கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து லேசாக இழுத்தால் பிடிக்க வேண்டும். வழுக்கினால் தீட்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். நுனிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். நரம்பைத் தொய்யவிடாமல் பிடித்திருந்தால் மீன் அவ்வளவு சுலபமாகக் கழன்றுவிடாது, அதோடு கொக்கி உங்கள் காதில் ஏறினாலும் எளிதாக எடுத்துவிடலாம். ஏறும், சந்தேகமே வேண்டாம். கண்ணாடி போடாமல் வீசவே வீசாதீர்கள், கண் ஒன்றுக்கு மாற்று இல்லை. நீரின் மேல் பளபளப்பைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி என்றால் தண்ணீருக்குள் மீனும் தெரியும்.

அப்புறம், வந்ததும் வராததுமாக முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடுவது. நீங்கள் கால் வைத்த ஓரத்தில்தான் மீன் நின்றிருக்கும்! டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்து நிற்கும். அதனால் கீழிருந்து மேலாகப் போங்கள், முதல் வீச்சைக் கரையோரத்திலேயே போடுங்கள். அதற்கும் முன்னால் ஓரமாக ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஊர்கிற பூச்சிகள்தான் டிரவுட்டின் சாப்பாடு. மூன்று வாலோடு ஊர்வது பெரும்பாலும் மேஃப்ளை புழு, இரண்டு வால் என்றால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. பெட்டியில் அதே அளவில், அதே நிறத்தில் இருக்கிற ஃப்ளை ஒன்றை எடுத்துக் கட்டுங்கள். பார்த்த கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

வீசியபின் ஃப்ளை தண்ணீரோடு சும்மா மிதந்து வர வேண்டும். நடுவில் ஓடும் வேகமான நீர் நரம்பை இழுத்தால் ஃப்ளை கோடு கிழித்துக்கொண்டு ஓடும், எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது. ஃப்ளை விழுந்த உடனே ராடின் நுனியால் நரம்பை மேல்பக்கமாகத் தூக்கி மடித்துப் போடுங்கள். இருபது மீட்டர் வீசிக் காட்டுவதைவிட எட்டு மீட்டரில் இதைச் சரியாகச் செய்கிறவருக்குத்தான் மீன் விழுகிறது.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். போட்டோ எல்லாம் மூச்சு பிடிக்கிற நேரத்துக்குள் முடியட்டும். மீன்வளத் துறையின் உரிமம் எடுத்த பிறகே தூண்டிலை வெளியே எடுங்கள்; நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் முட்டையிடும் காலம், அப்போது இங்கே பிடிக்கத் தடை.