1984 சீக்கியர் படுகொலை: நிவாரணம் யாருக்கு, எவ்வளவு, எங்கே சிக்குகிறது?

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சீக்கியர்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையில், அரசுக் கணக்குப்படி நாடு முழுக்க 3,325 பேர் இறந்தார்கள். அதில் 2,733 பேர் டெல்லியில். அந்தக் குடும்பங்களுக்கான இப்போதைய நிவாரணத் திட்டம், 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தின் தொடர்ச்சியாக வந்தது.

விசாரணை ஆணையச் சட்டம், 1952, பிரிவு 3(4)-ன்படி, ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அவையில் வைத்தாக வேண்டும். இந்த வன்முறையை விசாரித்த நானாவதி ஆணையம் 2005 பிப்ரவரி 9-ல் அறிக்கை கொடுத்தது. அரசு அதை அவையில் வைத்தது ஆகஸ்ட் 8-ல், கெடு முடியும் நேரத்தில். அவையில் வைக்கத்தான் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பரிந்துரையை ஏற்கச் சொல்லவில்லை. அரசின் குறிப்பும் அறிக்கையில் பெயர் வந்த பலர் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை என்றது. இரு அவைகளும் கொதித்தன. ஓர் அமைச்சர் பதவி விலகினார். ஆகஸ்ட் 11-ல் மாநிலங்களவையில் பிரதமர் மன்மோகன் சிங் சீக்கியர்களிடமும் நாட்டு மக்களிடமும் மன்னிப்புக் கேட்டார்.

2006 ஜனவரியில் மத்திய அமைச்சரவை திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இறப்புக்கு, ஏற்கெனவே மாநில அரசு கொடுத்தது போக, கூடுதலாக ரூ.3.5 லட்சம். காயத்துக்கு ரூ.1.25 லட்சம், இதில் முன்பு வாங்கியதைக் கழித்துக்கொள்வார்கள். இறந்தவரின் மனைவிக்கும் வயதான பெற்றோருக்கும் ஆயுள் முழுக்க மாதம் ரூ.2,500 ஓய்வூதியம். 2014 டிசம்பரில் ஒவ்வோர் இறப்புக்கும் மேலும் ரூ.5 லட்சம் சேர்க்கப்பட்டது.

வீடு, காப்பீடு இல்லாத கடை, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கான கணக்குதான் பலருக்குப் புரிவதில்லை. முதலில் கொடுத்த தொகையின் பத்து மடங்கில், கொடுத்ததைக் கழித்தால் வருவதே பாக்கி. அன்று ரூ.5,000 வாங்கியவருக்கு ரூ.45,000; ரூ.1,000 வாங்கியவருக்கு ரூ.9,000. இரண்டு வீடும் ஒரே மாதிரி எரிந்திருக்கலாம். அன்றைய அதிகாரி குறைத்து மதிப்பிட்ட தவறு, பத்து மடங்காகிப் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய அநியாயம் இதுதான்.

எனவே விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் தேவைப்படுவது, அன்று பணம் கொடுத்ததற்கான பழைய உத்தரவு. இறப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை நகல், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் சேர்த்து வைத்திருங்கள். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இது கருணைத் தொகை, அதாவது வழக்கின் முடிவோடு சேராமல் அரசு தானாகத் தரும் உதவி. நிவாரணம் பெற வேண்டிய தாயார் காலமாகிவிட்டால், வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா, பழைய உத்தரவில் உள்ள எழுத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே கோப்பு நின்றுவிடும்.

கருணைத் தொகையை மாநில அரசு முதலில் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, பணத்தை உரியவருக்குக் கொடுத்தாயிற்று என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி உள்துறை அமைச்சகத்திடம் திரும்பப் பெறும். ஆகவே தாமதமானால் முதலில் கேட்க வேண்டிய இடம் மாவட்ட நிர்வாகம், டெல்லியில் எஸ்.டி.எம். (துணைக் கோட்ட நடுவர்) அலுவலகம். ஓய்வூதியம் மாநிலத்தின் பொறுப்பு என்பதால், அது நின்றுபோனால் மத்திய அரசுக்கு மனுப்போட்டுப் பயனில்லை.

திட்டத்துக்கு வெளியே நீதிமன்ற வழியும் உண்டு. கோயம்புத்தூரில் சொத்துகளை இழந்த சீக்கியர்களுக்கு மாநில அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, ஆர்.காந்தி எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கு 1989-ன் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது.